நப்தலி தாத்தா போனைத் தொட்ட சனிக்கிழமை

அந்த ஜன்னல் சீட்ட எனக்குத் தருவியா மக்ளே? கொஞ்சம் காத்து வேணும். பயப்படாத, வாந்தி எல்லாம் எடுக்க மாட்டேன். வெறும் வாய்வு. வடசேரி ஸ்டாண்டுல கை சும்மா இராம ரெண்டு உளுந்தவடை வாங்கித் தின்னேன், சவம் நெஞ்சுல ஏறி உக்காந்துகிட்டு இறங்க மாட்டேங்கு.

ஆங், இப்பப் பரவால்ல. நீ நல்லா இருப்ப. அந்தப் பெட்டி கால இடிச்சா தள்ளி விடு. உள்ள நேந்திரங்கா சிப்ஸும் முறுக்கும்தான். எங்க தாத்தாவுக்குக் கொண்டு போறேன். அவரு தின்ன மாட்டாரு, அவங்க சாப்பாட்டுச் சட்டம் விடாது. பாக்கெட்டப் பிரிச்சு மோந்து மட்டும் பாப்பாரு. மோந்துட்டு கண்ண மூடிக்கிட்டு "ஆகா"ம்பாரு. பொறவு நான்தான் அம்புட்டையும் தின்னு தீக்கணும்.

சொந்தத் தாத்தா இல்ல. நான் எருசலேம்ல ஒரு யூதப் பெரியவரப் பாத்துக்கிடுகேன், கேர்கிவர் வேலை. மகளுக்குக் கல்யாணம்னு லீவுல வந்தேன். கல்யாணம் ஜோரா முடிஞ்சுது, இந்தா திருவனந்தபுரத்துல பிளேனு ஏறப் போறேன். நீயும் திருவனந்தபுரம்தானா? நல்லதாப் போச்சு. எருசலேம்னதும் ஏன் இப்படி முழிக்க? எல்லாரும் இப்படித்தான். எங்க சர்ச்சுல என்ன மேடையில ஏத்தி, "சகோதரி ஹெப்சிபா பரிசுத்த நகரத்தப் பத்தி சாட்சி சொல்லுவாங்க"ன்னு மைக்கக் கையில குடுத்துட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? பரிசுத்த நகரத்துல ஒரு கெழவருக்கு டயப்பர் மாத்துகேன்னா சொல்ல முடியும்?

பேரு நப்தலி. பைபிள்ல வர்ற அதே நப்தலி. நான் தாத்தான்னுதான் கூப்பிடுவேன். அவரு அத நம்ம ஊர்ல பெரிய பட்டம்னு நெனச்சுகிட்டாரு, வர்றவங்ககிட்ட எல்லாம் "நான் தாத்தா, நான் தாத்தா"ன்னு சொல்லிக்கிடுவாரு. எங்கிட்ட இருந்து தமிழும் கொஞ்சம் படிச்சுட்டாரு. குளிப்பாட்டும்போது "போதும் போதும்"பாரு. நான் ரொம்பப் பேசுனா "சும்மா இரு"ம்பாரு. இந்த ரெண்டாவத அடிக்கடி சொல்லுவாரு.

அவங்க ஓய்வுநாளு உனக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமை சூரியன் அடைஞ்சதுல இருந்து சனிக்கிழமை வானத்துல மூணு நச்சத்திரம் தெரியுத வரைக்கும். நம்ம ஓய்வு மாதிரி கறிச்சோறு தின்னுட்டு டிவி முன்னால சாயுத ஓய்வு இல்ல. தீ பத்த வைக்கப்படாது, சுவிட்சு போடப்படாது, போனத் தொடப்படாது, வண்டியில ஏறப்படாது, பேனா எடுத்து ஒரு எழுத்து எழுதப்படாது. கக்கூஸ்ல தொடைக்குத பேப்பரக் கூட மொத நாளே கிழிச்சு அடுக்கி வச்சிருவாங்க, அன்னைக்குக் கிழிச்சா அதுவும் வேலையாம். மொத தடவ அதக் கேட்டு நான் சிரிச்ச சிரிப்புல அந்த அடுக்கு பூரா பறந்து போச்சு, பொறவு நான்தான் பெறக்குனேன்.

எனக்குச் சட்டம் கெடையாது. நான் போடலாம், அணைக்கலாம். ஆனா "ஹெப்சிபா, ஏசியப் போடு"ன்னு அவரு வாயத் தொறந்து சொல்லப்படாது. அடுத்த ஆளச் செய்யச் சொன்னாலும் குத்தம்தானாம். அப்ப என்ன செய்வாரு? மேல மோட்டுவளையப் பாத்து, "இந்தச் சூட்டுல மோசேயே வந்தாலும் மலையேற மாட்டாரு"ன்னு மோட்டுகிட்ட சொல்லுவாரு. மோசே யாரு, பைபிள்ல மலையேறிச் சட்டம் வாங்கிட்டு வந்தவரு. நான் உடனே, "எனக்கு ஒரே புழுக்கமா இருக்கு"ன்னு சொல்லி ஏசியப் போடுவேன். "அப்படியா, உனக்குப் புழுக்கமா இருக்கா, பாவம்"னு அவரு உச்சுக் கொட்டுவாரு. நாடகக்காரங்க தோத்தாங்க, கேட்டியா.

ஒரு தடவ வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கையில கெடந்துகிட்டு, பேப்பர்ல படிச்ச என்னத்தையோ நெனச்சு, "உலகமே இருட்டாக் கெடக்கு"ன்னு பெருமூச்சு விட்டாரு. நான் ஓடிப் போயி டியூப்லைட்டப் போட்டுட்டு வந்துட்டேன். அணைக்கச் சொல்லவும் கூடாதுல்லா? பாவம், விடிய விடிய தொப்பிய மூஞ்சில கவுத்திகிட்டுக் கெடந்தாரு. காலையில, "இனிமே உலகத்தப் பத்திக் கவலப்பட மாட்டேன்"னாரு.

அதாவது மக்ளே, சனிக்கிழமை வந்தா அந்தக் கட்டடத்துல நான்தான் ராணி. எதிர் வீட்டுல பாருக்குன்னு ஒருத்தரு, வந்து நிப்பாரு. பேரக் கேட்டு பாயின்னு நெனச்சிராத, அவரும் அவங்க ஆளுதான். நாள் பூரா சட்டப் புத்தகத்துக்குள்ள தலைய விட்டுகிட்டுக் கெடக்குத மனுஷன். எங்க செவரப் பாத்து, "எங்க வீட்டுல ஃபியூஸு போயிட்டுது போல"ன்னு செவருகிட்ட வருத்தப்படுவாரு. செவருக்குப் பதிலா நான் போயி ஃபியூஸப் போட்டுட்டு வருவேன். எனக்கு அதுல ஒரு பெருமதான், பொய் சொல்லுவானேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்துச்சு. எனக்கு அவரு மேல இன்னும் ஆத்தாமை தீரல.

காலையில அவர சக்கர நாற்காலியில வச்சு ஜெப ஆலயத்துக்குத் தள்ளிகிட்டுப் போயி, திரும்பத் தள்ளிகிட்டு வந்தேன். மேடான தெரு. வந்து சாப்பாடு. வெள்ளிக்கிழமையே ஒரு பானையில மொச்சை, பார்லி, உருளக்கெழங்கு, மாட்டிறைச்சி எல்லாம் போட்டு சூட்டுத்தட்டுல ஏத்திருவாங்க, அது ராத்திரி பூரா கொதிச்சு சனிக்கிழமை மத்தியானம் களி மாதிரி வரும். நல்ல ருசி. ரெண்டு தட்டு தின்னேன். மொச்சைய ரெண்டு தட்டு தின்னா என்னா வரும்? நீயே சொல்லு. வாய்வுதான வரும்? நெஞ்சப் போட்டு அமுக்குச்சு. இடது கை கடுத்துச்சு, அது நாற்காலி தள்ளுனதுல. தாடையும் வலிச்சுது, அது அந்த இறைச்சியக் கடிச்சதுல. வேர்த்துக் கொட்டுச்சு, அங்க அப்பக் கோடை. எல்லாத்துக்கும் காரணம் இருக்கு பாத்தியா?

அடுக்களைக்குப் போயி, ஊர்ல இருந்து கொண்டு போன பெருங்காயத்த வெந்நியில கலக்கிக் குடிச்சுட்டு, செவருல சாஞ்சு தரையில உக்காந்தேன். சத்தம் போடல. ஏன் தெரியுமா? சின்னப் பிள்ளையில சண்டே ஸ்கூல்ல டீச்சர் சொல்லித் தந்தது அப்படியே மனசுல கெடந்துச்சு. அந்த ஆளுங்க ஓய்வுநாளுன்னா ஒருத்தன் கண்ணு முன்னால சாகக் கெடந்தாலும் விரல அசைக்க மாட்டாங்கன்னு டீச்சர் சொல்லிருந்தாங்க. அப்ப நான் என்னா நெனச்சேன்? நான் விழுந்தா இந்த மனுஷன் என்ன செய்வாரு? போனத் தொட்டா ஆயுசு பூரா காத்த சட்டம் போச்சு. தொடாட்டி, என்னப் பாத்துகிட்டே உக்காந்து அவருக்கு நெஞ்சடைக்கும். ரெண்டும் வேண்டாம். மூணு நச்சத்திரம் வாற வரைக்கும் எப்படியாவது பல்லக் கடிச்சுகிட்டு இருந்துருவோம். பொறவு யாரு போனு வேணும்னாலும் பண்ணட்டும். எம்புட்டு அழகான திட்டம்.

எல்லாத்தையும் கெடுத்தது ஏசி. அவரு ஹால்ல இருந்து, "மோசே மலையேற மாட்டாரு"ன்னாரு. நான் எழும்பிப் போயிப் போடல. கொஞ்சம் கழிச்சு, "மோசே மலையப் பாக்கக் கூட மாட்டாரு"ன்னாரு. பொறவு, "ஹெப்சிபாவுக்கு இன்னைக்குப் புழுக்கமா இல்லியோ"ன்னு கேட்டாரு. எனக்கு அங்கன இருந்து சிரிப்பு வருது, சிரிச்சா நெஞ்சுல யாரோ அம்மிய வச்ச மாதிரி இருக்கு. வாக்கர ஊணிகிட்டு டக்கு டக்குன்னு வந்து அடுக்களை வாசல்ல நின்னாரு.

பாத்தாரு. அம்புட்டுதான். என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. "தாத்தா, வாய்வு, மொச்சை, வாய்வு"ன்னு நான் சொல்லுகேன், அவரு திரும்பி ஹாலுக்குப் போறாரு. எம்பத்தேழு வயசு, கக்கூஸ்க்குப் போக நான் கையப் புடிக்கணும், அந்த மனுஷன் வாக்கரத் தூக்கி ஒரு பக்கமா எறிஞ்சுட்டுப் போறாரு. ஹால்ல பழைய போனு ஒண்ணு உண்டு. வெள்ளிக்கிழமை ஆனா, நம்ம மிக்சிக்கு உறை போடுத மாதிரி அதுக்கு மேல ஒரு பூப்போட்ட துணியப் போட்டு மூடிருவேன், தெரியாமக் கூட கை பட்டிரப்படாதுன்னு. அந்தத் துணிய உருவி வீசுனாரு பாரு, எனக்கு உசுரே போயிட்டு.

நான் தவழ்ந்துகிட்டே வெளிய வந்தேன். "தாத்தா, தொடாதீங்க. என்கிட்டத் தாங்க, நான் பண்ணுகேன், எனக்குச் சட்டம் கெடையாது"ன்னு கையெடுத்துக் கும்பிடுகேன். எனக்குத்தான அந்த வேல? சனிக்கிழமை சுவிட்சு பூரா என் பொறுப்புதான? அவரு என்னத் திரும்பிப் பாத்து, சுத்தத் தமிழ்ல, "சும்மா இரு"ன்னாரு. சொல்லிட்டு டப்பு டப்புன்னு நம்பர அமுக்குனாரு. ஆம்புலன்ஸ்காரன்கிட்ட அவரு போட்ட சத்தத்துல எதிர் வீட்டுக் கதவு தெறந்துட்டு.

பாருக்கு ஓடி வந்தாரு. நம்ம நப்தலி சனிக்கிழமை காதுல போன வச்சுகிட்டு நிக்காரு. பாருக்குக்குக் கண்ணு ரெண்டும் வெளிய வந்துட்டு. விசயம் தெரிஞ்சதும், "லிஃப்ட மாத்தணுமே"ன்னாரு. அங்க சனிக்கிழமை லிஃப்டு யாரும் பட்டன் அமுக்காம தானா ஒவ்வொரு மாடியா நின்னு நின்னு ஊர்ந்து வரும், நத்தை தோத்துது. அத மாத்துத சாவி பாருக்குகிட்டதான் உண்டு. சாவியக் கையில வச்சுகிட்டு, "ரெண்டாம் மாடியில ஒரு நேபாளப் பொண்ணு வேல செய்யுகால்லா, அவளக் கூட்டிட்டு வந்து திருப்பச் சொல்லட்டா? இல்ல, ஜெப ஆலயத்துல போயி ரபிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரட்டா?"ன்னு நிக்காரு.

தாத்தா போட்டாரு பாரு ஒரு சத்தம். அப்ப எனக்குப் பாதிதான் வெளங்குச்சு, பொறவு பாருக்கே சொல்லித் தந்தாரு. "உசுரு போற நேரத்துல ஆளத் தேடாத. பிள்ளைகிட்டக் குடுக்காத, வேலைக்காரிகிட்டக் குடுக்காத. ஊர்ல எவன் பெரிய படிப்பாளியோ அவன் மொதல்ல கைய வை. நீ இன்னைக்கு அடுத்த ஆளத் தேடுனா, பாக்கவன் எல்லாம் இது ஏதோ கூடாத காரியம் போலன்னு நெனச்சு நாளைக்கு அவனும் ஆளத் தேடிகிட்டு நிப்பான், அதுக்குள்ள உசுரு போயிரும். கேட்டுகிட்டு நிக்கவன் ரத்தம் சிந்துதவன்டா. போ"ன்னாராம். சட்டமே அப்படித்தான் சொல்லுதாம். அதையும் கவனிச்சியா, நெஞ்சு வலிச்சது எனக்கு, அந்த நேரத்துலயும் தான்தான் பெரிய படிப்பாளின்னு ஒரு வார்த்தைய உள்ள சொருகிட்டாரு.

பாருக்கு ஓடிப் போயி சாவியத் திருப்புனாரு. திருப்புனதும் லிஃப்டு சொய்ங்னு வந்து நின்னுச்சு. அந்த மனுஷனுக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு பாரு, திருவிழாவுல ராட்டினம் கண்ட பிள்ள மாதிரி. கீழ போயி, ஆம்புலன்ஸு வந்துட்டான்னு பாத்துட்டு, மேல வந்து, கதவப் புடிச்சுகிட்டு நிக்காரு. தெருவுக்கு ஓடி, ஜெப சால்வையக் கழத்தி கொடி மாதிரி வீசி வண்டியக் கூப்புட்டாராம். ஆம்புலன்ஸ்ல வந்த பையனுவளும் அவங்க ஆளுதான், சனிக்கிழமை வெள்ளச் சட்ட, தலையில குல்லா. யாரு மூஞ்சிலயும் பாவம் செய்யுதோம்னு ஒரு சொணக்கம் இல்ல. ஒருத்தன் ஓடுகான், ஒருத்தன் பட்டன் அமுக்குகான், மாடிக்கு மாடி கதவத் தெறந்து லைட்டப் போடுகான். கல்யாண வீடு தோத்துது. ஸ்ட்ரெச்சர்ல கெடந்துகிட்டு நான் மட்டும், "வாய்வு, வாய்வு"ன்னு சொல்லிகிட்டே போறேன், ஒருத்தன் காதுல விழணுமே.

தாத்தாவும் வண்டியில ஏறிட்டாரு. செருப்பு போடல. ஏசி ஓடுத வண்டியில உக்காந்ததும், "ஆங், இப்ப மோசே மலையேறுவாரு"ன்னு என் கையப் புடிச்சுகிட்டாரு.

ஆஸ்பத்திரியில நெஞ்சுக்குள்ள என்னமோ குழலு வச்சாங்க. இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல தலவலின்னு போனாலும் ஒரு குளுக்கோஸு ஏத்தாம விடுகானா? வந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாதுல்லா. எனக்குத் தெரியாதா என் ஒடம்பு? அது மொச்சைதான்.

நான் அழுதேன் மக்ளே. வலியில இல்ல. "ஒரு மொச்சக்கொட்டைக்காக எம்பது வருசம் காத்த சட்டத்த ஒடச்சுட்டியளே, என்ன ஒரு வார்த்த கேட்டியளா"ன்னு அழுதேன். அவரு, "கேக்க மாட்டேன்"னாரு. "வாய்வா இருந்தா என்ன செய்வீங்க?"ன்னேன். "வாய்வா இருந்தா சிரிச்சுகிட்டே வீட்டுக்கு வருவோம். சந்தேகம் வந்தாலே போதும், ஒடைக்கணும். ஒரு ஓய்வுநாள ஒடைச்சாத்தான் பொறவு எத்தனையோ ஓய்வுநாள உசுரோட பாக்கலாம். எத்தன சனிக்கிழமை நீ எனக்கு ஏசி போட வேண்டியிருக்கு"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அந்த மிஷினு கூவ ஆரம்பிச்சு நர்சு ஓடி வந்துட்டா.

பொறவு ஒரு காரியம் செஞ்சாரு. என் கட்டிலப் புடிச்சுகிட்டு, கண்ணு தண்ணியா, "தப்பு என் மேல. ஏசியச் சொல்லித் தந்தேன், பிரிட்ஜச் சொல்லித் தந்தேன், பேப்பர் கிழிக்கதச் சொல்லித் தந்தேன். உசுருன்னு வந்தா சட்டம் பூரா ஒதுங்கி நிக்கும்னு வேலைக்கு வந்த அன்னைக்கே உனக்குச் சொல்லிருக்கணும். சொல்லாம விட்டவனுக்குத்தான் வெக்கக்கேடு. நீ இனி பாக்குத ஆளுகிட்ட எல்லாம் சொல்லு. கேட்டுகிட்டு நிக்கப்படாதுன்னு சொல்லு"ன்னாரு. அதான் பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிகிட்டு வாறேன். வாக்கு குடுத்தாச்சுல்லா.

தக்கலை தாண்டிட்டா? இந்த ஜன்னல் இன்னும் கொஞ்சம் தெறக்குமா? என்னா வேர்வ பாரு, மழ மேகம் போட்டுருக்கு அதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சூரியன் அடையுததுக்குள்ள நான் அங்க நிக்கணும். எனக்குப் பதிலா ஒரு பொண்ண வச்சிருக்காங்க, அவளுக்கு மோசேயும் தெரியல மலையும் தெரியல. போன சனிக்கிழமை பூரா மனுஷன் மோசே மோசேன்னு சொல்லிகிட்டே வெந்துகிட்டுக் கெடந்தாராம், அவ பைபிள எடுத்துக் கையில குடுத்துருக்கா.

சிரிக்க வைக்காத, நெஞ்சு புடிக்கு. அந்தப் பாட்டில் வெள்ளத்த எடு, குடிக்கேன். இந்தக் கை ஒண்ணு, பெட்டியத் தூக்குனதுல இருந்து கடுக்கு. முறுக்கக் கடிச்சதுல தாடையும் வலிக்கு. ஏன் மூஞ்சி இப்படி ஆவுது உனக்கு? மாத்திரையா? அது கல்யாணத்துக்கு முன்னயே தீந்து போச்சு. இங்க அந்தக் கம்பெனி கெடைக்கல, கல்யாண வேலையில அத யாரு தேடிகிட்டு அலைவா? வாய்வுக்கு எதுக்கு மாத்திர?

ஏன் எழும்புத? மார்த்தாண்டம் பாலம்தான வருது, நீ திருவனந்தபுரம்லா போகணும்? கண்டக்டர எதுக்கு விளிக்க? ஐயா, பஸ்ஸ நிறுத்தாதீங்க, இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குப் பிளேனு இருக்கு. நாளைக்கு தாத்தா புழுக்கத்துல கெடப்பாரு. ஆஸ்பத்திரி வாசல்லன்னா சொல்லுத? மக்ளே, என் கைய விடு. இன்னைக்கு சனிக்கிழமை கூட இல்லையே.

என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ?